அப்பத்தா படமும் 6400 டிபிஐயும்

உங்கள் கேள்வி இது: அப்பா விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியில் நாற்பது ரோல் அளவுக்கு 35 மி.மீ. நெகடிவ் இருக்கிறது, அதற்கும் முந்தைய காலத்துச் சதுர நெகடிவ் கொஞ்சம் இருக்கிறது. வீட்டு ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் கண்ணாடியில் ஒன்றை வைத்து ஸ்கேன் செய்தீர்கள், கன்னங்கரேலென்று வந்தது. நெகடிவ் ஸ்கேன் செய்யும் ஃபிளாட்பெட் (தட்டைக் கண்ணாடிமேல் வைத்து ஸ்கேன் செய்யும் கருவி) ஒன்று வாங்கினால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமா? அப்பத்தா படம் ஒன்றை 12×18 அங்குலப் பிரிண்ட் போட்டுச் சட்டம் போட முடியுமா?

வாங்கலாம். சதுர நெகடிவுகளுக்கு அது அருமையான கருவி. 35 மி.மீ.க்குப் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான். அப்பத்தா படத்தைப் பொறுத்தவரை, அவர் எந்த நெகடிவில் இருக்கிறார், அதில் அவர் முகம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். பெரும்பாலானவர்கள் முதலில் ஸ்கேனரை வாங்கி, அதிகபட்ச டிபிஐயில் (ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் படிக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை) எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கடைசியில் பிரிண்ட் போடும்போது ஏமாறுகிறார்கள். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன்: எந்தப் படம், எந்த அளவுப் பிரிண்ட் என்பதை முடிவு செய்துகொண்டு, அதற்கு என்ன தேவை என்று பின்னோக்கி வாருங்கள்.

அந்தக் கருப்பு ஏன் வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். சாதாரண ஸ்கேனரில் விளக்கும் சென்சாரும் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கின்றன. காகிதத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைச் சென்சார் படிக்கிறது. நெகடிவில் ஒளி திரும்பாது, கடந்து போய்விடும். மூடியின் வெள்ளைப் பரப்பில் பட்டு மீண்டும் நெகடிவ் வழியாகவே வருவதால் இரண்டு முறை வடிகட்டப்பட்ட இருட்டுதான் கிடைக்கும். டார்க் ரூமில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் மேலேயிருந்து ஒளியை நெகடிவ் வழியாக இறக்குவதைப் போல ஸ்கேனர் மூடிக்குள்ளும் ஒரு விளக்கு வேண்டும். வெள்ளை அட்டையை முக்கோணமாக மடித்து நெகடிவ் மேல் வைப்பது, மூடியைத் திறந்து வெள்ளைத் திரையோடு டேப்லெட்டைக் கவிழ்ப்பது போன்ற வித்தைகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். படத்தில் இருப்பது சித்தப்பாவா பெரியப்பாவா என்று கண்டுபிடிக்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே, வாங்கும்போது பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. எப்சன் பெர்ஃபெக்ஷன் வி39, கேனன் லைட் (LiDE) வரிசை எல்லாம் நல்ல ஃபிளாட்பெட்டுகள்தான், ஆனால் மூடியில் விளக்கு கிடையாது. அவற்றில் இருப்பது சிஐஎஸ் என்ற வகைச் சென்சார். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பொருளைத்தான் அது கூர்மையாகப் பார்க்கும், இரண்டு மில்லிமீட்டர் மேலே போனாலே கலங்கிவிடும். ஃபிலிமுக்கான ஃபிளாட்பெட் என்றால் எப்சன் வி600, அதற்கு மேல் வி800, வி850. பழைய சாமான் சந்தையில் கேனனின் கேனோஸ்கேன் 9000எஃப் கிடைத்தால் அதுவும் சரி, உற்பத்தி நின்றுபோன மாடல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஃபிலிம் ஹோல்டர்கள் (நெகடிவைப் பிடித்து வைக்கும் சட்டங்கள்) கூட வருகின்றனவா என்று கேளுங்கள். ஸ்கேனர் நன்றாக இருந்து ஹோல்டர் தொலைந்துபோன பெட்டிகள்தான் சந்தையில் அதிகம்.

இனி டிபிஐ. வி600 அட்டைப்பெட்டியில் 6400 டிபிஐ என்று அச்சிட்டிருக்கும். சென்சார் அத்தனை புள்ளிகளை எடுப்பது உண்மைதான். ஆனால் லென்ஸும் ஃபோகஸும் அத்தனை நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. கோடுகள் அச்சிட்ட சோதனைத் தகட்டை வைத்து அளந்தால் வி600 உண்மையில் தருவது 1500 முதல் 1600 டிபிஐ வரைதான். வி850 சுமார் 2300. இதை நம்ப முடியாவிட்டால் நீங்களே பார்க்கலாம். ஒரே ஃபிரேமை 3200இலும் 6400இலும் ஸ்கேன் செய்யுங்கள். சின்னதை இரண்டு மடங்காகப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் இமை ஒன்றுகூடக் கூடுதலாகத் தெரியாது. கூடுதலாகக் கிடைப்பது ஃபைலின் எடை மட்டும். 48 பிட் கலரில் 6400க்கு ஒரு ஃபிரேம் முந்நூறு எம்பியைத் தாண்டும், 3200க்கு எண்பது சொச்சம்.

என் வழக்கம் 3200இல் ஸ்கேன் செய்து பாதியாகச் சுருக்குவது. 35 மி.மீ. ஃபிரேம் என்பது 36க்கு 24 மி.மீ. 3200இல் அது சுமார் 4535×3024 பிக்சல் ஆகிறது, பாதியாக்கினால் 2267×1512. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற லேப் கணக்கில் ஏழரைக்கு ஐந்து அங்குலம். அதாவது வி600இல் ஸ்கேன் செய்த 35 மி.மீ. நெகடிவிலிருந்து 5×7 பிரிண்ட் குறையே சொல்ல முடியாதபடி வரும். 8×12 போட்டால் அங்குலத்துக்கு 190 பிக்சல் கிடைக்கும். சுவரில் மாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது போதும். 12×18க்குப் போனால் 126. கல்யாண மண்டபம், கோபுரம் மாதிரிப் படங்கள் அதிலும் தப்பிக்கும், முகம் தப்பிக்காது.

சதுர நெகடிவுகளின் கதை வேறு. அவை 120 ஃபிலிம், ஃபிரேம் 56 மி.மீ. சதுரம். வி600 தரும் 1500–1600க்குள் 1560 டிபிஐ என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 3400 பிக்சலுக்கு மேல் வருகிறது, 11 அங்குலச் சதுரப் பிரிண்ட் 300இலேயே வந்துவிடும். உங்கள் சதுர நெகடிவின் ஓரத்தில் ஓர்வோ என்றோ, ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ என்றோ எழுதியிருக்க வாய்ப்புண்டு. ஸ்டூடியோக்காரர் யாஷிகா மேட் கேமராவில் எடுத்ததாக இருந்தால் உங்களுக்கு யோகம். வீட்டில் ஆக்ஃபா கிளிக் III கேமரா வைத்து எடுத்தது என்றால் அதன் ஒற்றை லென்ஸ் ஃபிலிமில் பதித்ததே கொஞ்சம்தான், எந்த ஸ்கேனரும் அதற்கு மேல் எடுத்துத் தராது.

சரி, அப்பத்தா படத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்கேலை எடுத்து நெகடிவில் அவர் தலை, உச்சி முதல் மோவாய் வரை, எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள். மாலை போட்டு மாட்டும் படம் என்றால் 12×18 பிரிண்டில் முகம் ஐந்து அங்குல உயரமாவது இருக்கும். அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று கஞ்சமாகக் கணக்குப் போட்டாலும் முகத்துக்கு மட்டும் 750 பிக்சல் வேண்டும். ஸ்டூடியோவில் எடுத்த சதுர நெகடிவில் தலை 12 மி.மீ. இருந்தால் வி600 சுமார் 735 பிக்சல் தரும், கிட்டத்தட்ட வந்துவிட்டது. இருபது பேர் நிற்கும் 35 மி.மீ. குரூப் ஃபோட்டோவில் தலை 2 மி.மீ.தான் இருக்கும். அதில் கிடைப்பது 123 பிக்சல். பாஸ்போர்ட் சைஸைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர், செயற்கை நுண்ணறிவு செயலியில் போட்டால் பளிச்சென்று ஆக்கித் தரும் என்பார். ஆக்கித் தரும். ஆனால் 123 பிக்சலில் இல்லாத கண்ணை அது எங்கிருந்தோ வரைந்து வைக்கிறது. என் உறவில் ஒரு வீட்டில் அப்படிச் செய்த படம் தொங்குகிறது. பாட்டியை நேரில் பார்த்திராத பேரப்பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்கிறார்கள், அவருடைய மகள் அந்தப் படத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. சின்ன பிரிண்டாக உண்மையான முகத்தை மாட்டுவதையே நான் விரும்புவேன். இது என் கருத்துதான்.

35 மி.மீ. ஃபிரேமிலிருந்துதான் பெரிய பிரிண்ட் வேண்டும் என்றால் ஃபிளாட்பெட்டை விட்டு வெளியே வர வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவும் மிக அருகிலிருந்து எடுக்கும் நல்ல மேக்ரோ லென்ஸும் வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் அவரிடம் போங்கள். வெள்ளை எல்இடி பலகைமேல் நெகடிவைச் சமமாக வைத்து, கேமராவை நேர் மேலே பொருத்தி எடுத்தால் ஃபிரேம் முழுவதற்கும் 6000×4000 பிக்சல். அது 4200 டிபிஐக்குச் சமம், லென்ஸ் நல்லதாக இருந்தால் பெரும்பகுதி உண்மையான நுணுக்கமும்கூட. 35 மி.மீ. மட்டுமே ஏற்கும் பிளஸ்டெக் 8200 போன்ற தனி ஃபிலிம் ஸ்கேனர்களும் உண்மையில் 3000க்கு மேல் தருகின்றன. அப்புறம், ‘நெகடிவைப் போடுங்கள், நொடியில் ஜேபெக்’ என்று விளம்பரம் செய்யும் கையடக்கப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றுக்குள் இருப்பது ஒரு சின்ன கேமரா சென்சார்தான். அந்தப் பணத்துக்கு ஒரு எல்இடி பலகை வாங்குங்கள்.

நாற்பது ரோல் என்றால் ஏறக்குறைய 1400 ஃபிரேம். வி600இன் ஹோல்டரில் ஒரு தடவைக்கு ஆறு ஃபிரேம் துண்டு இரண்டு, ஆக 12 ஃபிரேம் பிடிக்கும். எல்லாவற்றையும் முழு ரெசல்யூஷனில் செய்ய உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடும். முதலில் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைத் திரையைத் திறந்து முழுப் பிரகாசத்தில் வையுங்கள். மொபைலில் கலரைத் தலைகீழாக்கும் வசதி, பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கான அமைப்புகளுக்குள் இருக்கும். அதை ஆன் செய்து கேமரா வழியாக நெகடிவைப் பார்த்தால் பாசிட்டிவாகத் தெரியும். பெரியம்மா, அத்தை யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். யார், எந்த ஊர், யார் கல்யாணம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல ரோல் எண், ஓரத்தில் இருக்கும் ஃபிரேம் எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் சொல்ல ஆள் இருக்காது. என் பெட்டியில் அப்படிப் பெயரில்லாமல் நின்றுபோன முகங்கள் நிறைய.

சுத்தம் செய்யும் வேலையில்தான் அதிக நாசம் நடக்கிறது. காற்றூதும் ரப்பர் பந்து, மெல்லிய பிரஷ், பஞ்சுக் கையுறை, இவை போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காத நெகடிவ் அபூர்வம். சிலந்தி வலை போல, நரம்பு நரம்பாகத் தெரியும். ஃபிலிம்மேல் இருக்கும் ஜெலட்டின்தான் அதற்கு உணவு. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தாத்தா ரயில்வே சீருடையில் நிற்கும் ஒரே நெகடிவை ஈரத்துணியால் துடைத்தேன். முகம் துணியோடு வந்துவிட்டது. தண்ணீர் கூடவே கூடாது. தேவைப்பட்டால் 98 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரோபில் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, பளபளப்பான பின்பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

முன்பக்கத்தைத் தொட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஸ்டூடியோ நெகடிவுகளில் முகத்தின் மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்திருப்பார்கள். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ் கருவளையம் எல்லாம் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பப்பட்டிருக்கும். பின்னணியை மறைக்கச் சிவப்பு மை பூசியதும் உண்டு. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், அது ஒரு கைவேலைக்காரரின் உழைப்பு. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்து, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வெளிவரும் அமில ஆவி மற்றவற்றையும் கெடுக்கும்.

சுருண்ட நெகடிவை அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஒரு உயரத்திலும் ஓரம் ஒரு உயரத்திலும் இருக்கும், ஒரே ஃபிரேமில் மணமகன் தெளிவாகவும் மணமகள் கலங்கியும் வருவார்கள். பட்டர் பேப்பர் உறைக்குள் போட்டுத் தடித்த புத்தகங்களுக்கு அடியில் நாலைந்து நாள் வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். நேராக்குகிறேன் என்று கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் எண்ணெய்ப் படலம் போல வளையங்கள் விழும், நியூட்டன் வளையம் என்பார்கள். ஹோல்டர் நெகடிவைக் கண்ணாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கிப் பிடிப்பது இதைத் தவிர்ப்பதற்கும் ஃபோகஸுக்கும்தான். வி600இல் ஃபோகஸை மாற்ற முடியாது. எனவே ஹோல்டரின் நான்கு மூலைக்குக் கீழே ஒவ்வொரு தடவையும் ஒரு தடித்த காகிதத் துண்டைக் கூட்டிக்கொண்டே போய், அதே ஃபிரேமை நாலைந்து உயரத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள். எதில் ஃபிலிமின் மணல் துகள் போன்ற கிரெயின் கூர்மையாகத் தெரிகிறதோ அந்த உயரத்தை நிரந்தரமாக்கிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. என் ஸ்கேனரில் பணம் செலவில்லாமல் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான். வி800, வி850 ஹோல்டர்களில் உயரத்தை மாற்றும் வசதி கூடவே வருகிறது.

பளபளப்பான பக்கம் கண்ணாடியைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். தவறாக வைத்தால் படம் இடவலம் மாறி வரும், பல சமயம் கண்ணுக்கே தெரியாது. சந்தேகமாக இருந்தால் சேலை முந்தானையைப் பாருங்கள், நம் பக்கம் கட்டும் முறையில் அது இடது தோளில் விழ வேண்டும். ஆண்கள் சட்டைப் பையும் இடப்பக்கம். கடைப் பலகை ஏதாவது பின்னணியில் இருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

சாஃப்ட்வேரில் நான் சொல்லும் ஒரே கொள்கை: ஸ்கேனர் வேலை தகவலைச் சேகரிப்பது, அழகாக்குவது அப்புறம். எப்சன் ஸ்கேன், வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் எதுவாக இருந்தாலும் ஷார்ப்பனிங், கலர் ரீஸ்டோர், தானியங்கி வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கருப்பு வெள்ளைக்கு 16 பிட் கிரே, கலருக்கு 48 பிட். டிஃப் ஃபைலாகச் சேமியுங்கள். ஹிஸ்டோகிராமில் (இருட்டு, வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடம்) இரண்டு ஓரமும் வெட்டுப்படாமல் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். ஸ்கேன் சப்பென்று, உப்பு போடாத கஞ்சி மாதிரி இருக்கும். அதுதான் சரி.

தூசியை நீக்க டிஜிட்டல் ஐஸ் என்று ஒரு வசதி உண்டு. அது அகச்சிவப்புக் கதிரில் இன்னொரு முறை ஸ்கேன் செய்கிறது. கலர் ஃபிலிமின் சாயங்கள் அந்தக் கதிரைத் தடுக்காது, தூசியும் கீறலும் தடுக்கும். எனவே எது அழுக்கு என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்துவிடுகிறது. கலர் நெகடிவில் மந்திரம் போல வேலை செய்யும், நேரம் இரட்டிப்பாகும். ஆனால் சாதாரணக் கருப்பு வெள்ளை நெகடிவில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது, வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். அதில் ஐஸைப் போட்டால் படத்தையே அழுக்கு என்று நினைத்து முகத்தைக் குதறிவிடும். கருப்பு வெள்ளைக்குக் கையால்தான், கிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ ஹீலிங் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு. இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போலக் கலர் லேபில் கழுவும் கருப்பு வெள்ளை ஃபிலிம்கள் மட்டும் விதிவிலக்கு.

கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறம்தான் எல்லோரையும் அலைக்கழிப்பது. ஃபிலிமில் உள்ள சயான், மெஜந்தா சாயங்கள் அவ்வளவு சுத்தமானவை அல்ல. தடுக்கக் கூடாத ஒளியையும் கொஞ்சம் தடுத்துவிடும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் தயாரிக்கும்போதே அந்த ஆரஞ்சுத் திரையை உள்ளே வைத்தார்கள், லேபின் கலர் பேப்பரும் அதற்கேற்பவே செய்யப்பட்டது. ஸ்கேன் செய்ததை வெறுமனே இன்வர்ட் செய்தால் ஆரஞ்சுக்கு எதிர் நிறமான நீலம் படம் முழுக்கப் படரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானலையும் தனித்தனியாக, கருப்பு, வெள்ளை என்ற இருமுனையும் பிடித்து இழுக்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள் என்ற சாஃப்ட்வேரில் நெகடாக்டர் என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு நெகடிவ் லேப் புரோ.

தானாகக் கலர் திருத்துவதை ஃபிரேமுக்கு ஃபிரேம் விட்டால், ஒரே முகூர்த்தத்தில் கட்டிய அரக்குப் பட்டு ஒரு படத்தில் ஆரஞ்சாகவும் அடுத்ததில் கத்திரிப்பூ நிறமாகவும் வரும். ரோலின் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஒன்றும் பதியாத காலி இடம் இருக்கும், அதை வைத்து ஆரஞ்சைக் கணக்கிட்டு, அந்த அமைப்பை ரோல் முழுவதற்கும் பூட்டிவிடுங்கள். பிறகு ஒரு படத்தை மட்டும் சரி செய்து மற்றவற்றுக்கு நகல் எடுக்கலாம். சரிபார்க்க எனக்கு இரண்டே அடையாளம்: தலைமுடி கருப்பாக இருக்கிறதா, வேட்டி வெள்ளையாக இருக்கிறதா. இரண்டும் ஒருசேர நின்றால் தோல் நிறம் தானாக வந்து உட்காரும். முடி பச்சையடித்து வேட்டி இளஞ்சிவப்பானால் சாயங்களில் ஒன்று மற்றவற்றைவிட அதிகம் மங்கியிருக்கிறது. சானல் வாரியாகக் கர்வைப் பிடித்து வளைத்துத்தான் ஆக வேண்டும், முழுசாக மீளாது. இன்னொன்று, தானியங்கித் திருத்தம் மாநிறத்தையும் கருப்பு நிறத்தையும் வெளுக்கத் துடிக்கும். அப்பத்தா கருப்பாக இருந்தால் கருப்பாகவே இருக்கட்டும்.

‘பழைய பிரிண்டையே ஸ்கேன் செய்தால் என்ன’ என்று கேட்கத் தோன்றும். நெகடிவ் தொலைந்திருந்தால் வேறு வழியில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு காலத்தில் லேப்கள் விரும்பிக் கொடுத்த சில்க் பேப்பரில் தேன்கூடு மாதிரி மேடு பள்ளம் இருக்கும், ஸ்கேனரின் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு மேடும் மினுங்கும். நெகடிவ் கையில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு.

பிரிண்ட். 35 மி.மீ. ஃபிரேம் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். மேக்ஸி எனப்படும் 4×6, 8×12, 12×18 மூன்றிலும் படம் வெட்டுப்படாமல் உட்காரும். 5×7, 8×10 கேட்டால் ஓரம் போகும். குரூப் ஃபோட்டோவில் ஓரத்தில் நிற்பவர் எப்போதும் யாராவது ஒரு மாமாதான், அவர் கை போய்விடும். முன்கூட்டியே நீங்களே கிராப் செய்து கொடுங்கள். சதுர நெகடிவைச் சதுரமாகவே 8×8 போடச் சொல்லலாம், அல்லது 8×12 தாளில் வெள்ளை ஓரம் விட்டு. திருத்தம் முடிந்தபின் பிரிண்ட் அளவுக்கு 300 பிக்சல் கணக்கில் மாற்றி, அதற்குப் பிறகே ஷார்ப்பன் செய்யுங்கள். ஃபிளாட்பெட் ஸ்கேன் இயல்பிலேயே மிருதுவாக இருக்கும், அதனால் ஆரம் ஒரு பிக்சல் சொச்சம் வைத்துக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். எஸ்ஆர்ஜிபி கலர், உயர் தர ஜேபெக். டிஃப்பை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேபில் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ‘கரெக்ஷன் போடாதீங்க’ என்பது ஒன்று. இல்லாவிட்டால் நீங்கள் மூன்று ராத்திரி உட்கார்ந்து சரி செய்த வேட்டியை மெஷின் மூன்று நொடியில் மாற்றிவிடும். இரண்டாவது, பெரிய பிரிண்டுக்கு முன் அதே ஃபைலை ஒரு மேக்ஸி போட்டுப் பார்ப்பது. வீட்டுத் திரை எப்போதும் தேவைக்கு மேல் பிரகாசமாக இருப்பதால் பிரிண்ட் எதிர்பார்த்ததைவிட இருட்டாக வரும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்தத் தொல்லை பாதியாகும். கருப்பு வெள்ளைப் படம் கலர் பேப்பரில் போகும்போது லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கும், அதையும் மேக்ஸியிலேயே பார்த்துவிடலாம். அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், லேப் கவுண்டரின் டியூப்லைட்டில் வேண்டாம். வீட்டில் ஆறு வண்ண இங்க் டாங்க் பிரிண்டர் இருந்தால் அதிலும் நன்றாக வரும். ஆனால் சாய மை, வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். சாமி படத்துக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் இருக்கப்போகும் படம் என்றால் லேப் பிரிண்டையே தேர்ந்தெடுப்பேன்.

எல்லாம் முடிந்ததும் ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றைத் தம்பி வீட்டில் கொடுத்துவையுங்கள். நெகடிவைத் தூக்கிப் போடாதீர்கள், இன்றைய வி600 தருவதைவிட அதில் இன்னும் நிறைய இருக்கிறது. பழைய பிவிசி உறைகள் ஒட்டிக்கொள்ளும், அவற்றை மாற்றிக் காகித உறையிலோ பாலிபுரோப்பிலீன் உறையிலோ போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சூடாக்கியோ புதிதாக வாங்கியோ மாற்ற வேண்டும். வினிகர் வாசனை வந்தவற்றை மட்டும் மூடி வைக்காமல் காற்றுப் படும்படி வேறு இடத்தில். டப்பா பீரோவுக்குள்தான் போகிறது என்றால், துணிக்கு நடுவில் கிடக்கும் அந்துருண்டையை அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.